நாள் யார் கையில்?

ஓசூரில் கடிகாரம் செய்கிறார்கள், தோழர்களே! தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் 1984-ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை அந்த ஊரில் இருக்கிறது. நொடியை அளக்கும் முள்ளும், நொடியைத் தவறவிடாத சக்கரமும் தொழிலாளியின் விரல் நுனியில் உருப்பெற்று, ஊர் ஊராக, நாடு நாடாகச் செல்கின்றன. கல்லும் கரடும், ராகியும் சாமையும் என்றிருந்த எல்லைப்புறத்தில், காலத்தையே சரக்காக்கி விற்கும் தொழில் தழைத்திருக்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை.

அந்த ஊரிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் கிருஷ்ணகிரி. அதையும் தாண்டினால் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, ஒட்டுமாங்கன்றுக்குப் பேர்போன சந்தூர். எங்கு திரும்பினும் மாந்தோப்பு! மாவட்டத்தில் முப்பதாயிரம் ஹெக்டேருக்கும் மேல் மா நிற்கிறது. தமிழகத்தில் மா விளைச்சலில் முதலிடம் அம்மாவட்டத்துக்கே.

அந்தத் தோப்புக்காரரிடமும் ஒரு கடிகாரம் உண்டு. ஓசூரில் செய்ததன்று, இயற்கை செய்தது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. நிறுத்தி வைக்கவும் முடியாது. காம்பிலிருந்து காய் பிரியும் நொடியில் அது ஓடத் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் காய் கனிகிறது. மேலும் சில நாளில் கனி குழைகிறது, கருக்கிறது, கசிகிறது. பிறகு அது பழமன்று, குப்பை! வியர்வை சிந்தி வளர்த்தவர் கண்ணெதிரே, ஓராண்டு உழைப்பு பத்தே நாளில் பாழாகிறது.

இந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். பழம் கெடும், பூ வாடும், பால் திரியும். இதில் அரசியல் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே! சந்தையில் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் விற்க வந்தவர், மற்றவர் வாங்க வந்தவர். இருவரில் விலை சொல்பவர் யார்? பொருள் படைத்தவரா? இல்லை. பொருளின் அருமை அறிந்தவரா? இல்லை. எவரால் காத்திருக்க முடியுமோ, அவரே விலை சொல்கிறார். காத்திருக்க முடியாதவர், சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வண்டியைக் காலி செய்கிறார். நாளைக் கையில் வைத்திருப்பவர் எவரோ, விலையும் அவர் கையில்தான்!

மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரித் தோப்புகளில் செந்தூரா உண்டு, நீலம் உண்டு, பங்கனப்பள்ளி உண்டு, மல்கோவா உண்டு. எனினும் ஆலைகளுக்கென்றே பெரும் அளவில் விளைவது, அலகு வளைந்த கிளிமூக்கு மாம்பழம். தோத்தாபுரி என்றும் சொல்வர். நம் மக்கள் ‘பெங்களூரா’ என்பர். பெயரிலேயே எல்லை தாண்டிய பழம்! விருந்தினர் இலையில் வைக்க எவரும் இதை முதலில் தேடுவதில்லை. கூழாக்குவதற்கு ஏற்றது, ஆகவே கூழ் ஆலையை நம்பியே இது விளைகிறது.

அந்த ஆலையில் நடப்பது என்ன? பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, பிழிந்து, வடிகட்டி, கொதிக்கும் அளவுக்குச் சூடேற்றி, நுண்ணுயிர் சாகச் செய்து, உடனே குளிரவைத்து, கிருமி அண்டாத பையில் நிரப்பி, பையை இரும்புப் பீப்பாயில் இறக்கி மூடுகிறார்கள். இரண்டு கிலோ பழம் கொடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கூழ். அவ்வளவுதான் மாற்றம். ஆனால், எத்தகைய மாற்றம் அது! தோப்பில் பத்து நாள் ஆயுள் பெற்றிருந்த பொருள், பீப்பாயில் இறங்கியதும் பதினெட்டு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆயுள் பெறுகிறது. குளிர்பதனம்கூட வேண்டா, கிடங்கின் நிழலே போதும். வளைகுடா நாட்டுக்கும் போகும், ஐரோப்பாவுக்கும் போகும், அடுத்த ஆண்டுவரை அசையாமலும் இருக்கும்.

இப்போது அந்தச் சந்தையை மறுபடி எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பத்து நாள். மறு பக்கம் எழுநூறு நாள். இது பேரமா? நீரில் மூழ்குபவரும் கரையில் நிற்பவரும் கயிற்றின் விலை பேசுவதைப் பேரம் என்று கூற முடியுமா?

கூத்து இதோடு முடியவில்லை. சென்ற ஆண்டு விற்காமல் கிடங்கில் தங்கிய பீப்பாய், இவ்வாண்டுத் தோப்புக்கு எதிரியாகிறது! “கையிருப்பே தீரவில்லை, உன் பழம் எனக்கு எதற்கு?” என்கிறார் ஆலைக்காரர். சென்ற ஆண்டு அதே உழவர் மலிவாகக் கொடுத்த பழம், இவ்வாண்டு அவர் பழத்தின் விலையைச் சாய்க்கிறது. அவர் கையை எடுத்தே அவர் கண்ணைக் குத்துகிறார்கள்!

2025-ஆம் ஆண்டுக் கோடையில் இதுதான் நடந்தது. மூன்று மாநிலங்கள் கூடும் அந்த மூலையில், எங்கும் ஒரே நேரத்தில் பெரு விளைச்சல். கூழ் ஆலைகளில் பழைய கையிருப்பு. கிருஷ்ணகிரியில் கிளிமூக்கின் விலை கிலோ நாலைந்து ரூபாய்க்குச் சரிந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஒரு குவளைத் தேநீரின் விலைக்கு இரண்டு கிலோ மாம்பழம்! முக்கனியுள் முதற்கனி என்று நாம் மேடையில் முழங்கும் பழத்துக்குத் தோப்பில் கிடைத்த மரியாதை அது.

அப்போது அரசுகள் என்ன செய்தன? ஆந்திரத்தில் கிலோ 12 ரூபாய் என விலை அறிவித்தார்கள். ஆலை கொடுக்க வேண்டியது 8 ரூபாய், அரசு சேர்ப்பது 4 ரூபாய். கருநாடகத்துக்கு, குவிண்டால் 1,616 ரூபாய் என்ற கணக்கில், இரண்டரை இலட்சம் டன் வரைக்கும் விலை வேறுபாட்டை ஈடுசெய்ய மத்திய அரசு இசைந்தது. செலவில் பாதி மாநிலத்தின் தலையில். தமிழ்நாட்டு உழவர்களும் ஆதார விலை கேட்டு, இழப்பீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். நடுவே, வெளிமாநிலத்துக் கிளிமூக்கு சித்தூர் மாவட்டத்துக்குள் வரலாகாது என்று அம்மாவட்ட ஆட்சியர் ஜூன் மாதத்தில் தடை போட்டார். தடையை நீக்குமாறு கருநாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார்.

கடிதம் போகும், பதில் வரும், குழு கூடும், அறிக்கை எழும். அதுவரை பழம் காத்திருக்குமா? கோப்பு நகரும் வேகத்தில் கனி அழுகாமலிருக்க, இன்னும் எந்த விஞ்ஞானியும் வழி கண்டுபிடிக்கவில்லையே! அறுவடை முடிந்தபின் வரும் ஆணை, பிணத்துக்குப் பிடிக்கும் குடையாகும்.

மாவுக்கு மட்டுமா இந்தக் கதி? இராயக்கோட்டைச் சந்தைக்குச் சென்று தக்காளியைக் கேளுங்கள். 2023 ஜூலையில் நாடெங்கும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. நகரத்து நாளேடுகள் தலைப்பிட்டு அலறின. அதே தக்காளி வேறு மாதங்களில் கூலிக்கும் ஆகாமல் சாலையோரத்தில் கொட்டப்படுகிறதே, அப்போது அலறியவர் எவர்? ஓசூர்ச் சுற்றுப்புறத்தின் ரோசாவைக் கேளுங்கள். நிழற்குடிலில் வளர்த்து, குளிரில் வைத்து, பிப்ரவரி 14-க்கென நாள் குறித்துப் பறித்து, பெங்களூரு விமானத்தில் ஏற்றுகிறார்கள். பதினான்காம் தேதி அது காதலின் சின்னம். பதினைந்தாம் தேதி கேட்பார் இல்லாத தண்டு! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விமானமும் நின்று, திருமணமும் நின்று, கோயிலும் மூடியபோது, அந்தப் பூவைப் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்தால் கூலி கெடும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிக் கலவரம் மூண்டு, ஓசூர் எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றன. இரும்பு ஏற்றிய லாரிக்கு அது தாமதம். காய்கறி ஏற்றிய லாரிக்கு அது மரணம்.

“விளைச்சல் மிகுந்தால் விலை குறையும், இது பொருளாதார விதி. இதற்கு யாரை நோவது?” என்று படித்தவர் சிலர் கேட்பர். விதியை நாமும் அறிவோம். ஆனால் அவரை ஒன்று கேட்கிறோம். தோப்பில் பழத்தின் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்த ஆண்டில், புட்டியில் அடைத்த மாம்பழச் சாறு பாதி விலைக்கு வந்ததா? தெருமுனைக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். இயற்கையின் விதியானால் மேலும் கீழும் ஒன்றுபோலப் பாய வேண்டாவா? தோப்பில் மட்டும் பாய்ந்து, புட்டியருகே வந்ததும் நின்றுவிடும் விதி என்ன விதி? அது காத்திருக்க முடிந்தவர், முடியாதவர்மீது செலுத்தும் ஆதிக்கம்.

ஆலை நடத்துவோர் அனைவரும் கொடியவர் என்று நாம் கூற வரவில்லை. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் அவர்களுக்கும் இடி. கிடங்கில் தேங்கிய பீப்பாய்க்கு வங்கி வட்டி ஓடுகிறது. சிறிய ஆலைகள் கதவடைத்ததும் உண்டு. ஆயினும் அவர்கள் நட்டத்தைத் தாங்க இரண்டாண்டு அவகாசம் இருக்கிறது. உழவருக்கு அது இல்லை. நாம் பேசுவது மனிதரின் குணத்தைப் பற்றியன்று. ஏற்பாட்டின் குணத்தைப் பற்றி.

பொருளின் ஆயுளை நீட்டும் வித்தை யாருக்குச் சொந்தம் என்பதற்கு வரலாறு ஒரு சுவையான சான்று தருகிறது. பிரான்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்த் தொழிலாளி, உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, இறுக மூடி, கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று கண்டறிந்தார். ஏன் கெடுவதில்லை என்று அவருக்குத் தெரியாது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே லூயி பாஸ்டர் விளக்கினார். ஆனால் முறை பலித்தது. 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் அளித்தது. நிபந்தனை என்ன தெரியுமா? முறையை மறைக்காமல் நூலாக எழுதி ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும்! அரசுப் பணம் கொடுத்து, அந்த அறிவைப் பொதுவுடைமையாக்கினார்கள். இன்று அறிவு பொதுவாக இருக்கிறது. பீப்பாய் மட்டும் பொதுவாக இல்லை. நம் தாய்மார்களும் உப்பையும் வெயிலையும் துணைகொண்டு வடுவாக, ஊறுகாயாக, வற்றலாக மாங்காயின் ஆயுளை நீட்டியவர்கள்தாமே? அந்த வித்தை வீட்டில் இருந்தவரை சுவை வீட்டாருக்கு. ஆலைக்குப் போனபின் ஆதாயம் ஆலைக்கு.

இந்த ஏற்பாட்டை மாற்ற முடியாதா? முடியும். மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். மாம்பழத்துக்குப் பத்து நாள் உண்டு. பாலுக்கோ சில மணி நேரமே! குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில், ஒரு தனி நிறுவனம் வைத்ததே பாலின் விலையாக இருந்த காலத்தில், உழவர்கள் 1946-இல் பால் தர மறுத்துப் போராடினார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அப்போதும் தொல்லை தீரவில்லை. குளிர்காலத்தில் எருமை கூடுதலாகக் கறக்கும். பம்பாய்க்கு அவ்வளவு பால் வேண்டியதில்லை. மிச்சத்தை என் செய்வது? நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற வர்கீஸ் குரியனும் அவரோடு உழைத்தவர்களும், எருமைப் பாலைப் பொடியாக்கும் ஆலையை 1955-இல் ஆனந்தில் எழுப்பினார்கள். நேரு வந்து திறந்துவைத்தார். மணிக்கணக்கில் திரியும் பால், மாதக்கணக்கில் நிற்கும் பொடியானது. அந்தப் பொடிக்கு உரிமையாளர் பால் கறந்தவர்! எத்தனையோ ஆலைகள் பால்பொடி செய்தன. கறந்தவரே காத்திருக்கக் கற்றார் என்பதே ஆனந்தின் புதுமை.

கரும்பைப் பாருங்கள். வெட்டிய கரும்பும் நாளாக ஆகச் சர்க்கரையை இழக்கும் பொருள்தான். ஆலையைத் தவிர அதற்கும் போக்கிடமில்லை. ஆகவேதான் 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பருவத்துக்கு முன்பே விலை அறிவிக்க வேண்டும். கரும்பு ஒப்படைத்த 14 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டி தர வேண்டும். அந்த ஆணை இருந்தும் நிலுவைக்காகக் கரும்பு உழவர் தெருவில் நின்றதுண்டு, அறிவோம். ஆனால் தெருவில் நிற்கும்போது காட்டுவதற்கு அவர் கையில் ஓர் ஆணையாவது இருந்தது. மாந்தோப்பு உழவர் கையில் என்ன இருக்கிறது? அழுகிய பழம்!

இன்னொரு பொருளும் இருக்கிறது, தோழர்களே. மாவைவிட, பாலைவிட விரைவில் அழியும் பொருள். தொழிலாளியின் உழைப்பு! இன்று விற்காத பழத்தை நாளை பாதி விலைக்காவது விற்கலாம். இன்று விற்காத எட்டு மணி நேர உழைப்பை நாளை விற்க முடியுமா? சூரியன் சாய்ந்ததும் அதுவும் சாய்ந்தது. ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1890-இல் வெளியிட்ட நூலிலேயே, உழைப்பு அழியும் தன்மையது, ஆகவே அதை விற்பவர் பேரத்தில் மெலிந்தவர் என்று எடுத்துரைத்தார். அந்த மெலிவுக்கு மருந்து எது? சங்கம்! தனியாகக் காத்திருக்க முடியாதவர்கள், சேர்ந்து காத்திருக்கக் கண்ட ஏற்பாடே தொழிற்சங்கம். ஓசூர் சிப்காட்டில் சீருடை அணிந்து நிற்கும் இளைஞருக்கும், போச்சம்பள்ளித் தோப்பில் கூடை சுமக்கும் அவர் தந்தைக்கும் நோய் ஒன்றே; மருந்தும் ஒன்றே. மகனுக்கு அந்த மருந்தின் பெயர் தெரிந்திருக்கிறது. தந்தைக்கு அதைச் சொல்லும் கடமை நமக்கு.

என்ன கேட்க வேண்டும்? “குளிர்பதனக் கிடங்கு கட்டித் தருவோம்” என்று எவரேனும் மேடையில் சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். மா, அதிகக் குளிர் பொறுக்காது. 12, 13 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்கும் கீழே போனால் தோல் கருத்துச் சுவை கெடும். பத்து நாளை முப்பது நாளாக்குவது உதவிதான். எழுநூறு நாளை எதிர்க்க அது போதாது.

முதலாவதாகக் கேட்க வேண்டியது, பருவத்துக்கு முன்பே விலை. பூ பிடித்துப் பிஞ்சு நிற்கும்போதே உழவரும், ஆலையாரும், அரசும் ஒரே மேசையில் அமர்ந்து விலையை எழுத வேண்டும். அவ்விலைக்குச் சட்டத்தின் வலு வேண்டும். பணம் தர நாள் குறிக்க வேண்டும். மேசைமீது ஆலைகளின் கையிருப்புக் கணக்கும் இருக்க வேண்டும். எத்தனை பீப்பாய் மிச்சம் என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கும்வரை, மற்றவர் கண்ணைக் கட்டிக்கொண்டே பேரம் பேசுகிறார்.

இரண்டாவதாக, உழவருக்குச் சொந்தமான பீப்பாய். கூட்டுறவு கூழ் ஆலை எழுப்பப் பொருளும் காலமும் ஆகும்; எழுப்பத்தான் வேண்டும். அதுவரை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தம் பழத்தை இருக்கிற ஆலைகளிலேயே கூலி கொடுத்துக் கூழாக்கி, தம் பெயரில் கிடங்கில் வைக்க வழி செய்யலாம். கிடங்குச் சரக்கின் ரசீதை வங்கியில் காட்டிக் கடன் பெறலாம் என்று 2007-ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டம் சொல்கிறது. கடன் வந்தால் பறிகூலி கொடுக்கலாம்; பள்ளிக் கட்டணம் கட்டலாம்; விலை ஏறும் நாளுக்காகக் காத்திருக்கலாம். காத்திருக்கலாம்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை சொற்களும்.

மூன்றாவதாக, எல்லையை நடுவே வைத்து உழவரோடு உழவரை மோதவிடும் சூழ்ச்சிக்கு இடம் தராதிருத்தல். சித்தூர் உழவரும் சீனிவாசபுரம் உழவரும் பர்கூர் உழவரும் பகைவரல்லர். ஒரே பழம், ஒரே பருவம், ஒரே வீழ்ச்சி. மாநிலத்துக்கு ஒரு விலை என்றால், குறைந்த விலைப் பழம் இரவோடிரவாக எல்லை தாண்டும், தடை வரும், தகராறு வரும். மூன்று அரசும் ஒன்றாக அமர்ந்து ஒரு விலை வைத்தால், தடைக்கு வேலை ஏது?

தோழர்களே! கிருஷ்ணகிரி இருக்கும் நாடு பழைய தகடூர் நாட்டைச் சார்ந்தது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த பகுதி. அந்தத் தகடூரை ஆண்ட அதியமான், அருமையாகக் கிடைத்த நெல்லிக்கனியை, உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் கனியை, தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்தான் என்பது நாம் பள்ளியில் படித்த செய்தி. வாழ்நாளை நீட்டும் ஆற்றல் கையில் கிடைத்தபோது, அதைத் தனக்கென்று பூட்டி வைக்காதவன் அவன். அதே மண்ணில் இன்று, கனியின் வாழ்நாளை நீட்டும் ஆற்றல் இருக்கிறது; பூட்டின கிடங்கில் இருக்கிறது. சாவி யார் கையில் என்பதே கேள்வி.

மீண்டும் பூ பூக்கும் தை, மாசி வரும். பிஞ்சு நிற்கும்போதே ஊர் ஊராகச் செல்லுங்கள். தோப்புத் தோப்பாகச் சென்று பேசுங்கள். பழம் விழுந்தபின் கண்ணீர் துடைக்கப் போவதைவிட, பிஞ்சு நிற்கும்போதே பேரத்துக்கு அணி திரட்டுவதே இயக்கத்துக்கு அழகு. நாளை நம் கையில் எடுப்போம். விலை தானாக நம் பக்கம் திரும்பும்!